கடிகாரத்தில் ஒரு பழைய ஆண்டு



கடந்த பள்ளி விடுமுறையில் இல்லம் வந்திருந்த என் தம்பி, சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கப் போவதாகக் கூறினான். அதன் விலை என் ஓராண்டுச் சம்பளத்தை நெருங்குகிறது என்று அறிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. "அண்ணே, இது 1735இல் தொடங்கிய பிளாங்பான். அந்தப் பாரம்பரியத்துக்குத்தான் விலை" என்றான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாற்றை விரும்பிப் பயின்றவன் நான். ஓர் ஆண்டைச் சொன்னால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டுப் பழகிவிட்டேன். எனவே தேடிப் படித்தேன்.

ஜெஹான்-ஜாக் பிளாங்பான் என்பவர் வில்லரே என்னும் சிற்றூரில் கடிகாரம் செய்பவராக 1735ஆம் ஆண்டு ஏட்டில் பதியப்பட்டுள்ளார். அதில் ஐயமில்லை. ஆயினும் 1932இல் அக்குடும்பத்தின் கடைசி உரிமையாளர் காலமானார். மறு ஆண்டு, அங்கேயே இளவயதிலிருந்து பணியாற்றி வந்த பெட்டி ஃபீக்டர் என்னும் அம்மையார், மற்றொருவருடன் இணைந்து நிறுவனத்தை வாங்கினார். குடும்பத்தார் எவரும் இல்லாமையால் நிறுவனத்தின் பெயர் ரேவில் என மாறிற்று. வில்லரே என்னும் ஊர்ப் பெயரின் ஒலிகளை இடம் மாற்றி அமைத்த பெயர் அது. 1953இல் வெளிவந்து முக்குளிப்போரிடையே பெரும்புகழ் பெற்ற 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' கடிகாரம் பிறந்தது இந்தக் காலத்தில்தான். அதாவது, பிளாங்பான் குடும்பத்தார் ஒருவர்கூட இல்லாத காலத்தில்!

பின்னர் வந்தது பெரும்புயல். 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மின்கலத்தால் இயங்கும் படிகத்தின் அதிர்வுக்கு முன்னால், சுருள்வில்லும் பற்சக்கரங்களும் நேரத் துல்லியத்தில் நிற்க முடியவில்லை. 1970 வாக்கில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுவில் சுமார் 30,000 பேரே எஞ்சினர். எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்திருக்கும்! பிளாங்பான் என்ற பெயரும் சந்தையிலிருந்து மறைந்தது.

1980களின் தொடக்கத்தில் ஜான்-குளோட் பிவேர் என்பவரும் ஜாக் பிகே என்பவரும் அந்தப் பெயரை ஏறத்தாழ 22,000 பிராங்குக்கு வாங்கினர். வாங்கியது பெயரை, தொழிற்சாலையை அன்று. வேலை தொடங்கியதும் வில்லரேயில் அன்று, வேறொரு பள்ளத்தாக்கில் உள்ள லு பிராசு என்னும் ஊரில். 1735 முதல் தாங்கள் குவார்ட்ஸ் கடிகாரம் செய்ததில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை என்ற பொருளில் விளம்பரம் செய்தனர். பொய்யில்லைதான். உறங்கிக் கிடந்த பெயர் எதைத்தான் செய்திருக்க முடியும்? 1992இல் அந்நிறுவனம் சுமார் 60 மில்லியன் பிராங்குக்கு விற்கப்பட்டது.

இதனை மோசடி என்று நான் கூறமாட்டேன். ஏனெனில் ஜாக் பிகேயின் குடும்பம், மெல்லிய கடிகார இயந்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த குடும்பம். பிளாங்பான் என்னும் பெயருக்குள் அடங்கியிருந்தது பிகே குடும்பத்தாரின் கைத்திறன். அறியாமல் வாங்குவோர் ஒருவருடைய பெயருக்காக மற்றொருவருடைய உழைப்பைப் போற்றுகின்றனர், அவ்வளவே.

ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே 1845இல் அங்கே தொடங்கிய நிறுவனத்தை 1948இல் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியாளர்கள் அரசுடைமையாக்கினர். கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கே தப்பிச் சென்றார். லாங்கே என்னும் பெயர் கடிகாரங்களிலிருந்து நீங்கியது. ஆனால் அவ்வூர் மக்கள் அரசாங்கத் தொழிற்சாலையில் கடிகாரம் செய்வதை விடவில்லை. 1990 டிசம்பரில், தமது 66ஆம் வயதில், அவர் நிறுவனத்தை மீண்டும் பதிவு செய்தார். புதிய கடிகாரங்கள் 1994இல் வெளிவந்தன. இடைவெளி நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். எனினும் என் மனம் இந்தக் கதையின் பக்கமே சாய்கிறது.

1755 முதல் இடையறாது நடந்துவரும் ஜெனீவாவின் வாஷரோன் கான்ஸ்டன்டின் போன்ற நிறுவனங்களும் உள்ளன. மறுபுறம், யாவரும் அறிந்த ரோலெக்ஸ் 1905இல்தான், அதுவும் லண்டனில் தொடங்கியது. பழமையால் அது புகழ் பெறவில்லை.

இவை அனைத்தையும் தம்பியிடம் தொலைபேசியில் கூறினேன். கோபித்துக்கொள்வான் என்றே எண்ணினேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவன், "அண்ணே, 1933இல் கம்பெனியை வாங்கிய அந்த அம்மாவின் பெயர் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டான். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொண்டான். வரும் சனிக்கிழமை மீண்டும் கடைக்குச் செல்கிறானாம். அந்தப் பழைய முக்குளிப்புக் கடிகாரத்தின் வழிவந்த ஒன்றைக் காட்டச் சொல்லப் போகிறானாம்.