சட்டியும் கிடாரும் ஒரே மேடையில்

ராயபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 1856-ல் தொடங்குவார்கள். அந்த ஆண்டு ஜூலையில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்த ரயில் நிலையத்தின் கதையை முன்பே பார்த்துவிட்டோம். இந்த வாரம் நாம் நிற்கப்போவது 2018-ல். ஒரு பாட்டுக் கச்சேரியும் ஒரு ஆல்பமும் வரலாறா என்று சிலர் கேட்கலாம். வரலாறுதான். துறைமுகத்தைத் திட்டமிட்டவர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. அதில் மூட்டை தூக்கியவர்களும் காசிமேட்டில் வலை இழுத்தவர்களும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டது கானா பாட்டில்தான் இருக்கிறது.

சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். போனவர் எப்படிப்பட்டவர், யாருக்கு என்ன செய்தார், யாரைத் தவிக்கவிட்டுப் போனார் என்று அங்கேயே கட்டிப் பாடுவது மரண கானா. சட்டி மேளம் அடிக்க ஆள் இருந்தால் போதும், மேடை வேண்டாம். தேவாவின் இசையில் கானா சினிமாவுக்குப் போனது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனும், 2012-ல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். ஆனாலும் குடித்துவிட்டு ஆடுவதற்கான பாட்டு என்ற இடத்தைத் தாண்டி சினிமா கானாவுக்கு அதிகம் கொடுக்கவில்லை. இதே ஊரில் ராக் இசை கல்லூரி விழாக்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரே நகரத்தின் இரண்டு சத்தங்கள். ஒன்றின் காதில் மற்றொன்று விழவில்லை.

‘அட்டகத்தி’யை எடுத்த பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் 2017-ன் கடைசியில் சேர்ந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடின. தேறியவர்கள் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. மார்கழி சீசனில் சபாக்கள் நிறைந்திருந்த நேரம் அது. சாவு வீட்டு வாசலில் பாடிப் பழகிய பிள்ளைகள் கோட்டு சூட்டோடு மேடை ஏறினார்கள். அந்த உடையைப் பார்த்ததும் அம்பேத்கர் நினைவுக்கு வராதவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

பாட்டுக்கு வருவோம். ராக் இசையில் டிரம்ஸ் போடும் கணக்குக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். கானா பாடகர் அப்படி இல்லை. கூட்டம் ரசித்தால் ஒரு வரியை இழுப்பார், சொல் சேர்ப்பார், சட்டிக்காரர் அவர் வாயைப் பார்த்து அடிப்பார். இந்த இரண்டையும் இணைக்கும்போது கானாவை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்துவிடுவது சுலபம். டென்மா அதைச் செய்யவில்லை. எலெக்ட்ரிக் கிடாரும் பேஸும் டிரம்ஸும் ஒரு பக்கம், சட்டியும் டோலக்கும் பறையும் இன்னொரு பக்கம், நடுவே ராப். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. குழுவின் ‘மகிழ்ச்சி’ என்ற ஆல்பத்தை ஹெட்போன் வைத்துக் கேட்டால் இது விளங்கும். அந்தத் தலைப்பு, இரஞ்சித்தின் ‘கபாலி’யில் ரஜினி சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பிடித்துக்கொண்ட சொல்.

குழுவுக்குப் பேர் வாங்கித் தந்த பாடல்கள் எல்லாமே வழக்குப் பேசுபவை. ‘கோட்டா’ இடஒதுக்கீட்டைச் சலுகை என்பவர்களுக்குப் பதில் சொன்னது. மாட்டுக்கறிப் பாட்டு, சாப்பாட்டுத் தட்டில் அடுத்தவர் கைவைப்பதைத் தட்டிக் கேட்டது. ‘ஜெய்பீம்’ பாட்டில் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவின் குரல் தனியாகத் தெரிந்தது. 2021-ல் பாடகி தீயோடு அவர் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. ‘வடசென்னை’ பாட்டு, ரவுடிகளின் பேட்டை என்று சினிமா வரைந்த படத்தைக் கிழித்துப்போட்டது.

இந்தக் குழுவில் நம் ராயபுரத்துப் பெண் ஒருவர் உண்டு, இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் மைக் பிடிப்பதே அபூர்வம். 2020-ல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகின் 100 பெண்களில் அவரும் ஒருவர். கோயில் நுழைவு உரிமையைக் கேட்டு அவர் பாடிய ‘ஐ அம் சாரி ஐயப்பா’ பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், திடீரென்று சர்ச்சையாக்கப்பட்டது. புகார்கள் கொடுக்கப்பட்டன, அவருக்கு மிரட்டல்களும் ஆபாச வசைகளும் வந்தன. பாட்டோடு உடன்படாதவர்கள் வாதாடலாம். பாடிய பெண்ணைத் தேடிப்பிடித்து வசைபாடியது கேவலம். அந்தக் குழுவில் அவர் தனியாகப் பாடவில்லை, ஆனால் அடி விழுந்தது அவர் மேல்தான்.

2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ மேடைக்கு வழி போட்டது பெயின் பள்ளி மைதானத்தின் அந்த ஓர் இரவு. கானா கலைஞருக்கும் ஒப்பாரி பாடுகிறவருக்கும் பறைக் கலைஞருக்கும் மார்கழி மேடை கிடைத்தது, 19 பேர் முதலில் ஏறிக் காட்டியதால்.

‘மகிழ்ச்சி’ ஆல்பத்தை இதுவரை கேட்காதவர்கள் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். உங்கள் தெருவில் பழைய கானா பாடியவர்கள் இன்னும் இருந்தால், அவர்கள் பாடுவதை செல்போனிலாவது பதிவு செய்து வையுங்கள். அடுத்த வாரம் காசிமேடு.