புள்ளியும் அரைப்புள்ளியும்

திருப்பத்தூரிலிருந்து வைரவன்பட்டியும் பிள்ளையார்பட்டியும் பக்கந்தான். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இவை இரண்டு. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள். பொதுவாகப் பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். கல்யாணமானால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளி வரியும் அந்தக் கணக்கில்தான்.

எங்கள் சொந்தக்காரர்களின் கல்யாணங்களை கெபி மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். 2008இல் பிரான்ஸ் மாணவர்கள் உருவாக்கியது. அதற்கு மூத்தது 1996இல் ஸ்லோவேனியாவில் தொடங்கிய பயெக். பெயருக்கு அர்த்தம் சிலந்தி. வம்சாவளியை அதில் தம்பதிக்கு ஒரு புள்ளி என்றும் வரையலாம். நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு இது புதுசா என்ன?

நானும் அப்படியே வரைந்து, கோயிலுக்கு ஒரு நிறம் கொடுத்தேன். நிறம் நிறமாகப் பிரிந்து நிற்கும்னு நினைத்தேன். எல்லாம் பின்னிக் கிடந்தது. ஒரே கோயிலுக்குள் சம்பந்தமே இல்லாதபோது எப்படிப் பிரியும்?

மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கிட்டே போனால் பெயர் தெரியும். எங்கே நிற்கிறோம்னு தெரியாது. வலது பொத்தானை அழுத்தி இழுத்து இழுத்து ஒரு மணிநேரம் அலைந்தேன். கடைசியில் முழுப் படத்தையும் காட்டும் பொத்தானைத் தட்டினேன். ஓரத்தில், வெகு தூரத்தில், ஒற்றைப் புள்ளி. கோடில்லாத புள்ளியை மென்பொருள் வெளியே தள்ளிவிடும்.

சின்ன வயதிலேயே கணவரை இழந்த ஓர் ஆச்சி அவர். பிறந்த வீடும் புகுந்த வீடும் இன்று யாருக்கும் நினைவில்லை. கிட்டேயே சுற்றிக்கொண்டிருந்தவரை கண்ணில் படவேயில்லை.

கோயில் கணக்கு அவரை அரையாகவாவது எண்ணியிருக்கும். கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானத்தில் இரு வீட்டார் பெயரும் இருக்குமே! அடுத்த வாரம் பெட்டகத்தைத் திறக்கணும்.