தேவனா, கடவுளா? தமிழ் பைபிளில் வார்த்தைகள் மாறுவது ஏன்? | எளிய விளக்கம்

ஒரு தமிழ் பைபிளில் முதல் புத்தகம் 'ஆதியாகமம்'. இன்னொன்றில் 'தொடக்க நூல்'. ஒன்றில் 'தேவன்', 'பரிசுத்த ஆவி'. மற்றதில் 'கடவுள்', 'தூய ஆவி'. இதைப் பார்க்கும் பலருக்கும் வரும் சந்தேகம்: "அப்போ பைபிளையே மாத்திட்டாங்களா?"

இல்லை. மாறியது மொழிபெயர்ப்புதான்.

மூல மொழி எது?

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. சில பகுதிகள் அரமேயம். புதிய ஏற்பாடு கிரேக்கம். தமிழில் நாம் படிப்பது எல்லாமே மொழிபெயர்ப்பு.

கடவுளுக்கு எத்தனை சொற்கள்?

1706-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715-ல் அது அச்சாகி முடிந்தது. அவர் பயன்படுத்திய சொல் 'சர்வேசுரன்'. பின்னால் வந்த பப்ரிஷியஸ் 'பராபரன்' என்றார். 19-ம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த 'திருவிவிலியம்' சொல்வது 'கடவுள்'.

ஏன் இந்தத் தடுமாற்றம்?

மக்களுக்குத் தெரிந்த சொல்லை எடுத்தால், அதில் ஏற்கெனவே வேறு சமயத்தின் பொருள் இருக்கும். 'தேவன்' என்றால் பல தேவர்களில் ஒருவர் என நினைத்துவிடுவார்களோ என்ற கவலையும் இருந்தது. புதுச் சொல்லை உருவாக்கினால் யாருக்கும் புரியாது. ஒவ்வொரு காலத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார்கள்.

இன்னொரு பக்கம், சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த வசனத்தை யாரும் எளிதில் விட மாட்டார்கள். புராட்டஸ்டன்ட் வீடுகள் பலவற்றில் பவர் மொழிபெயர்ப்பே இன்றும் தொடர இதுவும் ஒரு காரணம்.

66-ஆ, 73-ஆ?

இது மொழிபெயர்ப்பு விஷயம் இல்லை. புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 புத்தகங்கள். கத்தோலிக்க பைபிளில் 73. கூடுதலான 7 புத்தகங்களும் பழைய ஏற்பாட்டில் வருபவை.

தேம்பாவணி பைபிளா?

இல்லை, அது காவியம். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பு ஒரு வார்த்தைகூட பேசுவதாக இல்லை. அவரையே 'வளன்' என்ற பெயரில் நாயகனாக்கி 3,615 பாடல்கள் எழுதினார் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பன்யன் எழுதிய ஆங்கிலக் கதையைத் தழுவியது. கண்ணதாசனின் 'இயேசு காவியம்' கவிதையில் சொன்ன இயேசுவின் வரலாறு. இவற்றில் கவிஞரின் கற்பனைக்கும் இடம் உண்டு. மொழிபெயர்ப்பில் அதற்கு இடமில்லை.

எப்படி சரிபார்ப்பது?

வாட்ஸ்அப்பில் 'பைபிள் வசனம்' என்று ஒரு வரி வந்தால், புத்தகத்தின் பெயர், அதிகாரம், வசன எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரண்டு மொழிபெயர்ப்புகளில் அதே இடத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். சொல் வேறாக இருந்தாலும் சொல்லப்படும் செய்தி ஒன்றாக இருந்தால், அது மொழிபெயர்ப்பு வித்தியாசம். அந்த இடத்தில் அப்படி ஒரு செய்தியே இல்லையென்றால், ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.