முழங்கால் வாதமும் எண்ணெய் மருத்துவமும்

முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்து நொச்சி இலையால் ஒத்தடம் கொடுப்பது, திருக்கோவிலூர் வட்டாரம் உட்படத் தமிழகச் சிற்றூர்களில் நீண்டகால வழக்கமாகும். மூட்டுத் தேய்வை ஆயுர்வேதம் 'சந்திகத வாதம்' எனக் குறிக்கிறது. சரக சம்கிதை இதனை வாத நோய்களுள் வைத்துப் பேசுகிறது.

வைத்தியர்கள் தம் வீட்டில் காய்ச்சிக் கொடுத்த தைலம், 1902-இல் பி. எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையை நிறுவிய பின் ஆயத்த மருந்தாகப் பரவியது. கோயம்புத்தூரில் 1943-இல் பி. வி. ராம வாரியர் ஆர்ய வைத்திய பார்மசியைத் தொடங்கினார். ஆனால், கடையில் புட்டியை வாங்குவோருக்கு வைத்தியரின் அறிவுரை உடன் கிடைப்பதில்லை.

எண்ணெய்த் தேய்ப்பும் வெப்பமும் தசை இறுக்கத்தைத் தளர்த்தி வலியைத் தணிக்கலாம். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதில்லை. உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியுமே முழங்காலைக் காப்பதில் முதன்மையானவை. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.