கண்டி இராச்சியத்தில் மறுமணமும் இருமணத்துப் பிள்ளைகளும்

கணவனையோ மனைவியையோ இழந்தோர், பிள்ளைகளைப் பெற்றபின் மீண்டும் மணஞ் செய்துகொள்ளுமிடத்து உலகம் அதனை இருவகையாக நோக்குவதுண்டு. ஒரு சாரார் நகைப்பர். மறு சாரார் சமயத்தைத் துணைக்கழைத்துக் கண்டிப்பர். அம்மணத்தால் ஒரே கூரையின் கீழ் வந்து சேரும் பிள்ளைகளின் நிலை யாது என்ற வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. ஆயின் கண்டி இராச்சியத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, மறுமணத்தைப் பொறுத்தவரை அங்கு முதன்மை பெற்ற வினா இதுவேயாகும். நகைப்பும் கண்டிப்பும் பெரும்பாலும் புறத்தேயிருந்து வந்தவை. ஓர் அரச குடும்பத்தின் வரலாறு கொண்டும், பொதுமக்களிடையே நிலவிய வழக்காறுகள் கொண்டும் இக்கருத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசியின் இரு மணங்கள்

கண்டியை ஆண்ட கரலியத்தை பண்டாரன் சீதாவாக்கை இராசசிங்கனால் துரத்தப்பட்டுத் திருகோணமலைப் பகுதியிற் புகலடைந்து நோயால் இறந்தான். அவனுடைய குழந்தை குசுமாசன தேவியைப் போர்த்துக்கேயர் தம் பாதுகாப்பில் எடுத்து, தோன கத்தரீனா எனத் திருமுழுக்குப் பெயரிட்டு, மன்னாரிற் கத்தோலிக்கப் பெண்ணாக வளர்த்தனர். 1594ஆம் ஆண்டில் பேரோ லோப்பஸ் த சூசாவின் தலைமையிற் படையொன்றை அனுப்பி அவளைக் கண்டியின் அரியணையில் அமர்த்த முயன்றனர். அப்படை தந்துறையில் அழிந்தது. வென்றவனாகிய கோணப்பு பண்டாரன் அரசியைச் சிறைப்பிடித்து மணந்து, விமலதர்மசூரியன் என்னும் பெயருடன் முடிசூடினான். அவனும் முன்பு போர்த்துக்கேயரிடம் திருமுழுக்குப் பெற்று, தொம் யுவான் எனப் பெயர் பூண்டிருந்தவன். முடிசூடியபின் பௌத்தத்துக்குத் திரும்பி, புனித தந்தத்தைக் கண்டிக்குக் கொணர்ந்து மாளிகை எடுத்தான். அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டினான்.

1604ஆம் ஆண்டில் விமலதர்மசூரியன் காய்ச்சலால் இறந்தான். அரசியோ இப்போது பிள்ளைகளையுடைய கைம்பெண். இறந்த அரசனின் சகோதர முறையினனான சேனரத் அரசுரிமையை ஏற்று அவளை மணந்தான். இவன் முன்னர்ச் சீவர உடையணிந்து துறவு பூண்டிருந்தவன். கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்ற கைம்பெண்ணொருத்தி, துறவைக் கைவிட்டு வந்த பௌத்தனொருவனுக்கு இரண்டாம் மனைவாழ்க்கையில் துணையாயினாள். சமயநோக்கிற் பார்ப்பின் இது பெருஞ் சிக்கலாகத் தோன்றவேண்டும். ஆயின் கண்டி மக்கள் இதனைச் சிக்கலாகக் கொண்டதாகத் தெரியவில்லை. அரசுரிமை அப்பெண்ணின் குருதிவழி வந்தது. அவளை விலக்கி ஆளுதல் எவர்க்கும் எளிதன்று. அம்மறுமணம் அரசைச் சிதறாது காத்த கட்டாகவே மதிக்கப்பட்டது.

ஒரு நகைச்சொல்லின் விலை

இவ்வரசியைப் பற்றிய நகைப்பு ஒன்று வரலாற்றிற் பதிவாகியுள்ளது. 1603ஆம் ஆண்டில் செபால்ட் த வேர்ட் என்னும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் மட்டக்களப்பில் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். தான் பிடித்த போர்த்துக்கேயரை அவன் விடுவித்துவிட்டமையால் அரசன் முன்னரே சினமுற்றிருந்தான். கண்டியில் அரசி தனித்திருக்கிறாள், தான் திரும்ப வேண்டும் என அரசன் கூறியபோது, மதுவுண்டு மயங்கியிருந்த த வேர்ட், அரசிக்கு ஆண்துணைக்குக் குறைவிராது என்னும் பொருள்பட ஏளனம் பேசினான். அவனைக் கட்டும்படி அரசன் பணித்தான். எதிர்த்த த வேர்ட்டும் அவனுடன் வந்தோர் பலரும் கொல்லப்பட்டனர். பின்னர் அரசன் ஒல்லாந்தருக்குப் போர்த்துக்கேய மொழியில் அனுப்பிய சுருக்கமான ஓலை குறிப்பிடத்தக்கது. மது அருந்துபவன் நல்லவனல்லன், இறைவன் நீதி செய்தான், சமாதானம் வேண்டின் சமாதானம், போர் வேண்டின் போர் என்பதே அதன் சாரமாகும்.

இந்நிகழ்ச்சிக்கு அரசியற் காரணங்களும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஓர் உண்மை புலனாகின்றது. கண்டிப் பெண்ணின் மணவாழ்வு தளர்வானது, ஆகவே நகைப்புக்குரியது என்ற எண்ணம் வந்தேறியவனுடையது. அந்நாட்டார் மண உறவு தளர்வானதெனக் கருதியிருப்பின் அச்சொல் அரசனை அவ்வளவு சுட்டிருக்காது.

ஏடுகள் மூன்று

தோன கத்தரீனா 1613ஆம் ஆண்டில் மறைந்தாள். முதல் மணத்தில் அவள் பெற்ற மூத்த மைந்தன் அதற்குச் சற்று முன்னரே இளமையில் இறந்துவிட்டான். எஞ்சிய இளவரசர் மூவர்: குமாரசிங்கன், விசயபாலன், இராசசிங்கன். இவர்களுட் கடைசியானவன் சேனரத்தின் மகன் என்பதில் ஐயமில்லை. ஏனைய இருவரையும் சூளவம்சம் முந்திய அரசனின் மக்களென்கிறது; மூவரும் சேனரத்தின் மக்களே எனக் கொள்வாரும் உளர். இக்கருத்து வேற்றுமையே ஒரு செய்தியை உணர்த்துகின்றது. ஒரே மாளிகையில் வளர்ந்தோருள் எவர் எம்மணத்தின் பிள்ளை எனப் பிரித்துக் காட்டாத அளவுக்கு அவ்வீட்டு வாழ்வு ஒன்றுகலந்திருந்தது.

ஆயின் பங்கீடு என்று வந்தபோது கேள்வி எழுந்தது. சேனரத் அதற்குக் கண்ட வழி நுண்மையானது. மூன்று ஏடுகளில் நாட்டின் மூன்று பிரிவுகளை எழுதுவித்துப் புனித தந்தத்தின் அருகில் வைத்து, இளவரசரைத் திருவுளச் சீட்டு எடுக்கச் செய்தான் எனச் சூளவம்சம் கூறும். ஊவா குமாரசிங்கனுக்கும், மாத்தளை விசயபாலனுக்கும், கண்டியைச் சூழ்ந்த ஐந்து நாடுகள் இராசசிங்கனுக்கும் வீழ்ந்தன. இளையவனுக்கே தலைநகர் வாய்த்தமை தற்செயலா என்று வாசகர் புன்முறுவல் பூக்கலாம். எவ்வாறாயினும், மாற்றாந் தந்தை ஒருதலைச் சார்பாக நடந்தான் என்ற பழி வராதிருக்கச் சமயம் இங்கே சாட்சியாக நிறுத்தப்பட்டது. மணத்தைத் தடுக்க வராத சமயநம்பிக்கை, பங்கீட்டைக் காக்க அழைக்கப்பட்டமை நோக்கற்பாலது.

அவ்வேற்பாடு சிலகாலமே நிலைத்தது. 1630இல் றந்தெனிவெலையில் மூன்று இளவரசரும் ஒன்றுகூடிப் போர்த்துக்கேயப் படையை முறியடித்தனர். 1635இல் சேனரத் இறக்க இராசசிங்கன் அரசனானான். 1638ஆம் ஆண்டில், பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் மற்றொரு பெருவெற்றியும் கிட்டியது. ஆயின் குமாரசிங்கன் இறந்தபின் ஊவாவை இராசசிங்கன் தனதாக்கிக்கொள்ளவே விசயபாலன் பகைகொண்டான். தோல்வியுற்றுப் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்த அவன் கோவையிற் கிறித்தவனாகி அங்கேயே மடிந்தான். மறுமணம் குடும்பத்தைப் பிரிக்கவில்லை. நேர்மையற்ற பங்கே பிரித்தது.

நொக்ஸின் ஏளனமும் பாசமும்

பொதுமக்கள் வாழ்வை அறிய இரொபேட் நொக்ஸின் நூல் துணைபுரிகின்றது. 1660இல் சிறைப்பட்ட அவர் 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். ஹந்தானை மலைத்தொடருக்கு மேற்கேயுள்ள உடுநுவரைப் பகுதியின் எலதெத்தை என்னும் ஊரில் அவர் வீடும் நிலமும் கொண்டிருந்தார். ஆணும் பெண்ணும் மனநிறைவான துணை வாய்க்கும்வரை நான்கைந்து முறை மணப்பது வழக்கம் என்று அவர் சற்றே ஏளனத்துடன் எழுதுகிறார். அதே பகுதியில், பிரிவோர்க்குப் பிள்ளைகள் இருப்பின் ஆண்மக்கள் தந்தையையும் பெண்மக்கள் தாயையும் சேர்வர் என்ற பொதுவிதியையும் குறிப்பிடுகிறார். நகைப்பவர் தம்மையறியாமலே ஓர் ஒழுங்கைப் பதிவுசெய்துவிட்டார். பிள்ளைகளுக்கு விதி வகுத்த சமுதாயம் மணத்தை விளையாட்டாகக் கொண்டிருக்க முடியாது.

நொக்ஸ் தாமே கண்டியில் மணஞ் செய்யாதிருந்தவர். எலதெத்தையில் தம்முடன் வாழ்ந்த தோழரும் மணமின்றி இருக்கவேண்டுமென உடன்பாடு செய்துகொண்டவர். ஆயினும் ஆங்கிலேயத் தோழரொருவரின் மகளான லூசியா என்னும் சிறுமியைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். தப்பிச் சென்ற பின்னரும் அவளை மறவாது, எலதெத்தை நிலம் அவளைச் சேரவேண்டுமெனக் கடிதம் எழுதினார். பெறாத பிள்ளைக்குப் பங்கு வைத்தமையால், தாம் எள்ளிய நாட்டின் அறத்தையே அவரும் கைக்கொண்டார் எனலாம்.

வழக்காறும் சட்டமும்

கண்டி வழக்கில் மணம் இருவகைப்படும். மனைவி கணவன் இல்லஞ் சேர்வது தீக மணம். கணவன் மனைவியின் இல்லத்துக்கு வருவது பின்ன மணம். இருவகையிலும் சமயச்சடங்கு இன்றியமையாததன்று. மணம் உலகியல் சார்ந்த உடன்பாடே. ஒருவனுக்கு இருமணத்துப் பிள்ளைகள் இருப்பின், தலைக்கொரு பங்கு என்றில்லாது மணத்துக்கொரு பங்காக நிலத்தைப் பிரிக்கும் முறை சோயர்ஸ் முதலிய பிரித்தானிய நீதியாளர் தொகுத்த குறிப்புகளிற் காணப்படுகின்றது. முதல் மணத்தில் ஒரே பிள்ளையும் இரண்டாம் மணத்தில் நால்வரும் இருப்பினும் அவ்வொரு பிள்ளை பாதியைப் பெறும்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இதே கவலையை வேறு வழியில் தீர்க்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டிற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்நூலின்படி, மனைவியை இழந்தவன் மறுமணஞ் செய்யின் இறந்தவளின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளை ஏற்று வளர்ப்பர். தந்தை அவள் கொணர்ந்த சீதனம் முழுவதையும், அம்மணக் காலத்துத் தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுடன் ஒப்படைத்தல் வேண்டும். சைவரும் கிறித்தவரும் வாழ்ந்த வடக்கும், பௌத்தம் தழைத்த மலைநாடும் மறுமணத்தை அனுமதித்து, மூத்தாள் பிள்ளையின் கஞ்சியில் மண் விழாதிருக்கவே வேலி இட்டன.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானபின் நிலை மாறியது. கண்டிப் பிரதானிகள் சிலரின் வேண்டுகோளையொட்டி 1859இல் இயற்றப்பட்ட 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பலகணவர் மணத்தையும் பலமனைவியர் மணத்தையும் விலக்கியதோடு பதிவையும் கட்டாயமாக்கியது. விக்டோரியாக் கால ஒழுக்கநெறி அதிற் பதிந்திருந்தது. ஆயின் மக்கள் பழைய முறையிலேயே சேர்ந்தும் பிரிந்தும் மணந்தும் வந்தனர். விளைவு யாது? ஊரறிய மணந்தோரின் பிள்ளைகள் ஏட்டிற் பதிவில்லாமையால் சட்டத்தின் கண்ணில் முறையற்றவராயினர். இதனை உணர்ந்த அரசு 1870இன் 3ஆம் இலக்கச் சட்டத்தால் இருவர் இசைவின்பேரில் மணமுறிவுக்கு இடமளித்தது. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக விவாகரத்துச் சட்டமும் அதனைப் பேணியது.

இவ்விடத்தில் இந்தியாவை ஒப்பு நோக்கலாம். வித்தியாசாகரின் பெருமுயற்சியால் 1856இல் இந்துக் கைம்பெண்களின் மறுமணத்துக்கு அங்கு சட்டம் இடந்தந்தது. சமயத்தின் பெயரால் மூடிய கதவை வங்காளத்தில் திறக்கவேண்டியிருந்தது. மூன்றே ஆண்டுகளின் பின், கண்டியில் திறந்திருந்த கதவுக்கு அதே ஆட்சி தாழிட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மறுமணம் ஒழுக்கக் குறைவென்றும் நகைப்புக்குரியதென்றும் கொள்ளும் மனப்பாங்கு இம்மண்ணில் என்றும் நிலவிய தொன்மரபன்று என்பது தெளிவாகும். த வேர்ட்டின் ஏளனம் அவன் உயிரையே குடித்தது. நொக்ஸின் ஏளனம் ஒரு சிறுமியின் முன் கரைந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்டிப்பு பிள்ளைகளின் தலையில் விழுந்தது. மீண்டும் மணப்போரைக் கண்டு எவரும் நகைக்கட்டும். நகைப்பால் குடும்பம் கெடுவதில்லை. சேனரத் ஏடெழுதித் தந்தத்தின் அருகில் வைத்ததும், தேசவழமை சீதனத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்ததும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள். முதல் வீட்டுப் பிள்ளைக்கு உரிய பங்கு கிடைத்ததா என்று கேட்பதே, அன்று போல இன்றும், மறுமணத்தைப் பற்றிக் கேட்கத்தக்க வினாவாகும்.