வெட்டாத கோடாலி

சமணனுக்குக் கோடாலியில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். வெட்டாத கோடாலியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆப்பிரிக்காவில் காடு வெட்டவும் போரிடவும் கோடாலி உண்டு. அதே வடிவத்தில், தலைவர்கள் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பதற்கென்றே தனியாக ஒன்றும் செய்தார்கள். காங்கோவின் சொங்யே மக்கள் செய்தவை இதில் பேர்போனவை. கைப்பிடி முழுக்கச் செம்புத் தகடு சுற்றியிருக்கும். இரும்பு அலகில் சன்னல்போல இடைவெளிகள். கம்பிகளின் மேல் சின்னச் சின்ன மனித முகங்கள். இதை வைத்து யாராவது விறகு பிளப்பார்களா? உதவாது என்பதுதான் அதன் மதிப்பே.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், கோடாலி பேசவும் செய்தது. அங்கே அசாந்தி அரசன் தூது அனுப்பினால் தூதர் கையில் அரசச் சின்னம் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் வந்த சொல் அரசன் சொல் என்று ஏற்பார்கள். 1881 ஜனவரியில் அரசன் மென்சா பொன்சு கடற்கரை ஆங்கிலேய அதிகாரியிடம் அனுப்பிய தூதர்கள் பொற்கோடாலியோடு வந்தார்கள். ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்த இளவரசன் ஒருவனைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

பெயர்தான் பொற்கோடாலி. அலகு இரும்பு, பிடியில் சிறுத்தைத் தோலும் பொன்னும். பேசி வெட்டித் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை என்பதே அதன் பொருள் என்று அசாந்தி தரப்பில் சொல்லப்பட்டது. ஆங்கிலேயருக்கோ அது போர் அறிவிப்பு! அசின் நாட்டின்மேல் படையெடுப்போம் என்று தூதர் மிரட்டியதாகவும் எழுதி வைத்தார்கள். மிரட்டலே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பயந்திருக்க வேண்டியவர்கள் யார்? 1874-ல் குமாசியைக் கொளுத்தி, 50,000 அவுன்சு தங்கம், கிட்டத்தட்ட ஒன்றரை டன், அபராதம் கேட்டவர்கள் ஆங்கிலேயர்தான். இப்போது ஒரு கோடாலியைக் கண்டு கூடுதல் படையை வரவழைத்தார்கள்.

போர் மூளவில்லை. மென்சா பொன்சு சமாதானம் பேசி, அதே கோடாலியை விக்டோரியா ராணிக்கே அனுப்பிவிட்டான். கடையில் கொடுக்கல் வாங்கல் பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. தராசுத் தட்டில் இவன் தன் முத்திரையையே வைத்தான். எதிர்த்தட்டில் என்ன வைத்தார்கள்?

1883-ல் அவனைச் சொந்த மக்களே அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1896-ல் ஆங்கிலேயப் படை குமாசிக்குள் நுழைந்து, அப்போதைய அரசன் பிரெம்பேயைப் பிடித்து நாடு கடத்தியது. கோடாலி அதற்கு 15 வருடம் முன்பே கப்பலேறியிருந்தது.