பாரிஸ் வானத்துக்குச் சட்டம் வந்த கதை

பாரிஸ் நகரின் லாசப்பல் தெருக்களில் ஆண்டுதோறும் கோடையின் முடிவில் பிள்ளையார் தேர் உலா வருகின்றது. வடம் பிடிப்போரும் தேங்காய் உடைப்போரும் திரண்டு நிற்கும் அக்காட்சியை வானிலிருந்து படம்பிடித்தால் எத்துணை அழகாயிருக்கும் என்று எம் இளைஞர் சிலர் ஆசைப்படுகின்றனர். ஆளின்றிப் பறக்கும் ட்ரோன் இன்று ஒரு கைத்தொலைபேசியின் விலைக்குக் கடையிலே கிடைக்கின்றது. "நாங்கள் எவருடைய காணிக்குள்ளும் கால் வைக்கவில்லையே, வானத்துக்கும் வேலி உண்டோ?" என்பது அவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானதே. அதற்கான விடையை இதே நகரம் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதத் தொடங்கிவிட்டது.

கொனெசில் இறங்கிய பூதம்

1783 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆம் நாள், பாரிசின் சாம் டு மார்ஸ் திடலிலிருந்து, இயற்பியலாளர் ஷார்ல் அமைத்த ஐதரசன் பலூன் ஒன்று ஆளின்றி மேலெழுந்தது. முக்கால் மணி நேரமளவில் அது நகருக்கு வடக்கேயுள்ள கொனெஸ் என்னும் ஊரில் வீழ்ந்தது. வானிலிருந்து ஏதோ பூதம் வந்திறங்கியது என்று அஞ்சிய உழவர்கள் கவைக்கோல்களால் அதனைக் குத்திக் கிழித்துவிட்டனர். இத்தகைய உருண்டைகளைக் கண்டு மக்கள் அஞ்சவேண்டாம் என்று அரசு அறிவித்தல் வெளியிட நேர்ந்தது. ஆளில்லாமல் பறந்த ஒரு பொருளைக் குறித்துப் பொதுமக்களுக்கு அரசு கூறிய முதல் விளக்கங்களில் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

அவ்வாண்டு நவம்பர் 21 ஆம் நாள் மொங்கோல்பியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூனில் பிலாத்ர் டு ரோசியே என்பவரும் டார்லாந்து பிரபுவும் பாரிசின் மேலாகப் பறந்தனர். இருபத்தைந்து நிமிடம் நீடித்த அப்பயணத்தில் நெருப்புப் பொறிகள் பலூனின் துணியைத் துளைத்தன. நீரில் நனைத்த பஞ்சினால் அவர்கள் அவற்றை அணைத்துக்கொண்டே சென்றனர். அவர்களின் துணிவை உலகம் போற்றிற்று. ஆனால், பொறி கீழேயுள்ள கூரையில் வீழ்ந்திருந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழுந்தது. அடுத்த சில மாதங்களில் நெருப்பேற்றிய பலூன்களைப் பறக்கவிடுவது பாரிசின் பெரும் மோகமாயிற்று.

1784 ஏப்ரல் 23 ஆம் நாள் நகரக் காவல்துறைத் தலைவர் லெனுவார் ஓர் ஆணை பிறப்பித்தார். தீ விளைவிக்கக்கூடிய பொருள்களைச் சுமந்த பலூன்களுக்கு அவ்வாணை தடை விதித்தது. ஏனையவற்றை முன்னனுமதி பெற்ற, அனுபவம் வாய்ந்தோரே பறக்கவிடலாம் என்றது. வான்பறப்புச் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றனர். அது பேரரசொன்றின் சட்டமன்று, ஒரு நகரத்தின் விதி. அது பறக்கவே கூடாதென்று கூறவில்லை. கேட்டுவிட்டுப் பற, கற்றுவிட்டுப் பற என்றே கூறியது. இவ்விரண்டும் இன்றைய ட்ரோன் விதிகளிலும் அப்படியே நிற்கின்றன.

வெற்றி வளைவும் உடன்படிக்கையும்

விமானம் வந்தபின்னர் கேள்வி பெரிதாயிற்று. வானம் கடலைப் போன்று எல்லோர்க்கும் பொதுவானதா, அன்றி நிலத்தைப் போன்று நாட்டுக்குரியதா? இதனை ஆராய 1910 இல் பாரிசில் கூடிய அரசுகள் உடன்பாடின்றிக் கலைந்தன. முதலாம் உலகப்போரின் குண்டுகள் அவ்விவாதத்தை முடித்துவைத்தன.

1919 ஆம் ஆண்டு பாரிசில் இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. யூலை 14 வெற்றி அணிவகுப்பில் வான்படையினரும் தரையில் நடந்தே செல்லவேண்டுமெனப் பணிக்கப்பட்டது. அதனை இழிவாகக் கருதிய வானோடிகள், தம்முள் ஒருவர் வெற்றி வளைவின் ஊடாகப் பறந்து காட்டவேண்டுமென முடிவுசெய்தனர். தெரிவுசெய்யப்பட்ட நவார் பயிற்சியின்போது வீழ்ந்து மாண்டார். ஓகஸ்ட் 7 ஆம் நாள் கொத்புருவா என்பவர் அதனைச் செய்து முடித்தார். அக்டோபர் 13 ஆம் நாள் அதே நகரில் கைச்சாத்தான பன்னாட்டு உடன்படிக்கை, தன் நிலத்துக்கு மேலுள்ள வானில் ஒவ்வொரு நாட்டுக்கும் முழுமையான, தனித்த இறைமை உண்டென்று வகுத்தது. 1944 டிசெம்பரில் சிக்காகோவில் கையெழுத்தான உடன்படிக்கை அதனை உறுதிப்படுத்தியது. அதன் எட்டாவது பிரிவு, ஓட்டியில்லா வானூர்தி எதுவும் பிறநாட்டின் மேலே அந்நாட்டின் சிறப்பு அனுமதியின்றிப் பறக்கலாகாது என்கின்றது. ட்ரோன் கடைக்கு வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்குரிய விதி எழுதப்பட்டுவிட்டது!

மூன்று அடுக்கு விதிகள்

பாரிசின் மேலாகப் பறப்பதற்கு 1948 இலேயே தடை வந்தது. ட்ரோன்களுக்கெனப் பிரான்சு 2012 ஏப்ரலில் முதன்முறையாகத் தனி விதிகளை வகுத்தது. 2015 இன் தொடக்கத்தில் சனாதிபதி மாளிகை, ஈபெல் கோபுரம் ஆகியவற்றின் மேலே இரவில் அடையாளந் தெரியாத ட்ரோன்கள் காணப்பட்டன. மறு ஆண்டு ஒக்டோபரில் தண்டனைச் சட்டம் வந்தது. தடைசெய்யப்பட்ட பகுதியின் மேலே கவனக்குறைவாற் பறக்கவிட்டவருக்கு ஆறு மாதச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் வரை விதிக்கலாம். வேண்டுமென்றே செய்தவருக்கு ஓராண்டுச் சிறையும் 45,000 யூரோவும் வரை விதிக்கலாம்.

2020 டிசெம்பர் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதி நடைமுறைக்கு வந்தது. சாதாரணமாகப் பறக்கவிடுவோர் 120 மீற்றருக்கு மேற் செல்லலாகாது. ட்ரோன் கண்பார்வையை விட்டு அகலலாகாது. மக்கள் கூட்டத்தின் மேலே பறத்தலாகாது. ஒளிப்படக்கருவி பொருத்திய ட்ரோனாயின், விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டதன்றி, எடை எவ்வளவு குறைவாயினும் அதனை இயக்குபவர் தம்மைப் பதிவுசெய்தல் வேண்டும். இவ்விதியின் மேல் நாட்டின் விதியும், அதன் மேல் நகரின் விதியும் அமைகின்றன. எனவே ஐரோப்பிய விதியை மட்டும் படித்தவர் பாதியையே படித்தவராவார். எங்கு பறக்கலாம் என்பதை அரசின் இணைய வரைபடத்திற் பார்த்தே அறியவேண்டும். பாரிசின் தெருக்களுக்கு மேலே பறக்கவேண்டுமாயின் பயிற்சி பெற்ற தொழில்முறை இயக்குநர் காவல்துறைத் தலைமையகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். லெனுவார் 1784 இல் திறந்த கதவையே நாம் இன்றும் தட்டவேண்டியிருக்கின்றது.

தேர்த்திருவிழாவோ நெருங்கி நிற்கும் மக்கள் வெள்ளம். மின்கலம் செயலிழந்த ஒரு ட்ரோன் ஒரு குழந்தையின் தலையில் வீழ்ந்தால், பின்னர் எந்தப் படமும் அழகாயிராது. மேலும், குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கும் ஒருவரின் காவற்பதிவுகளும் இந்நாட்டில் ஆராயப்படுகின்றன. பத்து நிமிடப் படத்துக்காகப் பத்தாண்டுக் காத்திருப்பைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

இறுதியாக ஒன்று. கொனெஸ் என்ற அதே ஊரில் 2000 யூலை 25 ஆம் நாள் கொங்கோர்ட் விமானம் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 109 பேருடன், தரையிலிருந்த நால்வரும் மாண்டனர். அந்நால்வரும் எந்தப் பயணச்சீட்டும் வாங்கியவர்களல்லர். வானத்துக்கு வேலி கட்டப்பட்டது அவர்களைப் போன்றோருக்காகவே.

தரையிலிருப்பவரின் நிலையை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. வன்னியில் வேவு பார்க்க வந்த ஆளில்லா விமானத்துக்கு எம்மக்கள் "வண்டு" என்று பெயரிட்டனர். அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடிய முதியோர் சிலர் இன்று லாசப்பல் தெருவோரத்தில் நின்று தேரைக் கும்பிடுகின்றனர். அவர்களின் தலைக்கு மேலே அதே போன்றதோர் இரைச்சல் எழவேண்டுமா என்பதை, அனுமதி கேட்பதற்கு முன்னரே எம் இளைஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.